வெளிநாட்டு மெடிக்கல்: எதற்குப் புகார், எதற்கு மறுபரிசோதனை?

வேலையில் சேருமுன் எடுக்கும் மருத்துவப் பரிசோதனையில் பட்ட சங்கடங்களைச் சொல்லி, ‘இதற்கெல்லாம் புகார் கொடுக்கலாமா?’ என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். மையங்களின் பெயர்களையும் எழுதியவர்களின் பெயர்களையும் நீக்கியிருக்கிறோம்.

குவைத் வேலைக்காக மெடிக்கல் போய் வந்தேன். காலை ஏழு மணிக்கு வரச் சொல்லிவிட்டு மதியம் ஒன்றரைக்குத்தான் கூப்பிட்டார்கள். ரத்தம் எடுத்தவர் மூன்று இடத்தில் குத்தினார், கை நீலம் பாய்ந்து கிடக்கிறது. எக்ஸ்ரே அறையில் ‘வாடா போடா’ பேச்சு. ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. ஏஜென்ட் அண்ணனோ, “புகார் கிகார்னு போனா அன்ஃபிட் போட்டுருவாங்க, பேசாம இரு தம்பி” என்கிறார். என்ன செய்யட்டும்?
– வாசகர், கள்ளக்குறிச்சி

புகார் கொடுக்கலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு வகையான விஷயங்கள் கலந்திருக்கின்றன. முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட்டின் முடிவையே மாற்றக்கூடிய தவறு ஒரு வகை. அதை அன்றைக்கே, முடிந்தால் மையத்தை விட்டு வெளியே வருமுன்பே சொல்லிவிட வேண்டும். அது புகாரே இல்லை, மறுபரிசோதனைக்கான கோரிக்கை. காக்க வைத்தது, அவமரியாதையாகப் பேசியது, அறை அசுத்தமாக இருந்தது போன்றவை இன்னொரு வகை. இவற்றை ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகு நிதானமாக எழுதிக் கொடுக்கலாம், காலம் கடந்துவிடாது. இரண்டையும் ஒரே காகிதத்தில் எழுதினால் இரண்டுமே கெடும். ‘கோபத்தில் எழுதியிருக்கிறார்’ என்று மறுபரிசோதனைக் கோரிக்கையை ஒதுக்குவார்கள். ‘ரிப்போர்ட் சரியில்லை என்பதால் குறை சொல்கிறார்’ என்று புகாரைத் தள்ளுவார்கள்.

வளைகுடா மெடிக்கலில் இந்த வரிசைக்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. முன்பு காம்கா என்றும் இப்போது வாஃபித் என்றும் சொல்லப்படும் முறையில், முடிவு உங்கள் பாஸ்போர்ட் எண்ணோடு இணையத்தில் ஏற்றப்படுகிறது. ‘அன்ஃபிட்’ என்று ஏறிய பிறகு அதை மாற்றுவது மிகவும் கடினம். ஏறுவதற்கு முன்பு, ரத்தத்தை இன்னொரு முறை எடுங்கள் என்று கேட்பது எளிது.

அப்படியானால் எவையெல்லாம் முடிவை மாற்றும்? ரத்தம் பிடிக்கும் சோதனைக் குழாயில் உங்கள் பெயரும் எண்ணும் உங்கள் கண்ணெதிரே ஒட்டப்படாமல், பிறகு மொத்தமாக ஒட்டப்பட்டிருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான். நம் ஊர்ப் பெயர்களில் இது கூடுதல் சிக்கல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சிலருக்கு முன்னே வரும், சிலருக்குப் பின்னே வரும். ஒரே நாளில் நான்கு முருகன்கள் வந்திருப்பார்கள். ஆகவே பெயரைப் பார்க்காதீர்கள், பாஸ்போர்ட் எண்ணோ பதிவு எண்ணோ குழாயில் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ரத்த அழுத்தம் இன்னொன்று. மாடிப்படி ஏறி வந்த மூச்சோடு, சிறுநீரை அடக்கிக்கொண்டு, பேசிக்கொண்டே, தடித்த கைக்குச் சின்னப் பட்டை கட்டிப் பார்த்தால் அளவு கூடித்தான் காட்டும். ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து, காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்த பிறகு, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து இரண்டு முறை பார்ப்பதே முறை. ஆறு மணி நேரம் வெறும் வயிற்றில் காத்திருந்து எரிச்சலோடு போனவருக்கு ஒரே முறை பார்த்துவிட்டு ‘பிரஷர் அதிகம்’ என்று எழுதினால், மறுபடி பாருங்கள் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இனி உங்கள் கை. நரம்பு கிடைக்காமல் ஒருவர் இரண்டு முறை முயன்ற பிறகு, வேறொருவரை அழைப்பதே நல்ல நடைமுறை. மூன்றாவது குத்து கவனக்குறைவுதான், ஆனால் அது தானாகவே ரிப்போர்ட்டைக் கெடுக்காது. நீலம் பாய்ந்தது தோலுக்கடியில் கசிந்த ரத்தம். முதல் நாள் ஐஸ் ஒத்தடம் கொடுங்கள், தேய்க்காதீர்கள். ஒன்றிரண்டு வாரத்தில் பச்சையாகி, மஞ்சளாகி மறைந்துவிடும். விரல் மரத்துப் போவது, மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீர் என்று இழுப்பது, வீக்கம் கூடிக்கொண்டே போவது இவற்றில் ஏதாவது இருந்தால் அன்றே டாக்டரிடம் காட்டிச் சீட்டு வாங்கி வையுங்கள். தேதி தெரியும்படி படமும் எடுத்து வையுங்கள். ஊசி புதிய உறையிலிருந்து உங்கள் முன்னால் பிரிக்கப்படவில்லை என்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம். அதை அங்கேயே, சத்தமாக, மையத்தின் பொறுப்பு டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஏஜென்ட் சொல்வதில் பயம்தான் அதிகம். ரத்தத்தில் எடுக்கும் முடிவுகள் கருவியில் அச்சாகி வருபவை. கோபத்துக்காக அவற்றை மாற்றி எழுதினால் மையத்தின் அங்கீகாரத்துக்கே ஆபத்து. ஆனாலும் உங்கள் பயத்தை நாங்கள் லேசாக எண்ணவில்லை. விசாவும் கடனும் அந்த ஒரு காகிதத்தில் தொங்குகின்றன. அதனால்தான் நடத்தை பற்றிய புகாரை ரிப்போர்ட் வந்த பிறகு கொடுக்கச் சொல்கிறோம். இப்போதே செய்ய வேண்டியது, நடந்தவற்றை நேரத்தோடு ஒரு தாளில் எழுதி வைப்பது. ஸ்லிப்பு, பணம் கட்டிய ரசீது, டோக்கன் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

நர்ஸ் வேலைக்காக சவூதி போகிறேன். மெடிக்கலில் ஆண் டாக்டர் ஒருவர் தனி அறையில் பரிசோதித்தார். கூடப் பெண் யாரும் இல்லை, திரையும் இல்லை. மேலாடையை முழுதும் கழற்றச் சொன்னார். தவறாகத் தொட்டார் என்று சொல்ல முடியவில்லை, ஆனால் மனம் ஒப்பவில்லை. நான்தான் பெரிதுபடுத்துகிறேனோ?
– வாசகி, நாகர்கோவில்

இல்லை. பெண்ணை ஆண் டாக்டர் உடல் பரிசோதனை செய்யும்போது இன்னொரு பெண் உடனிருக்க ஏற்பாடு செய்வது மருத்துவமனை நிர்வாகத்தின் கடமை. தேசிய மனித உரிமைகள் ஆணையம் வகுத்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் இது உரிமையாகவே இருக்கிறது. மத்திய சுகாதார அமைச்சகம் 2019-ல் அந்தச் சாசனத்தை மாநிலங்களுக்கு அனுப்பியது. நீங்கள் கேட்டிருக்க வேண்டும் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஏற்பாடு செய்ய வேண்டியது அவர்கள்.

இதயத்தையும் நுரையீரலையும் கேட்க ஸ்டெதாஸ்கோப்பை உள்ளாடைக்கு மேலும் ஓரத்திலும் வைத்தே பெரும்பாலும் கேட்டுவிடலாம். தேவைப்பட்டால் ஒரு பக்கம் மட்டும் விலக்கி, மறுபக்கம் மூடியிருக்கும்படி பார்க்கலாம். எக்ஸ்ரேக்குக் கொக்கி உள்ள உள்ளாடையைக் கழற்றச் சொல்வது சரிதான், ஏனென்றால் உலோகம் படத்தில் விழும். அதற்கு மாற்றுக் கவுன் தர வேண்டும். எக்ஸ்ரேக்கு முன்பு கர்ப்பம் இருக்கிறதா என்று கேட்க வேண்டியதும் அவர்கள் பொறுப்பு. பெண்களின் அந்தரங்க உறுப்பைப் பரிசோதிக்கும் தேவை இத்தகைய மெடிக்கலில் பொதுவாக வராது. யாராவது கேட்டால் காரணத்தைக் கேளுங்கள், எழுதித் தரச் சொல்லுங்கள், மறுக்கவும் செய்யலாம்.

தொடுதல் தவறானதாகத் தெரியவில்லை என்பதால், பெண் துணை இல்லாததையும் திரை இல்லாததையும் மட்டும் மையத்தின் மருத்துவப் பொறுப்பாளருக்கு எழுதுங்கள். நகலை மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநருக்கு அனுப்புங்கள். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-ன் கீழ் தனியார் மையங்களைப் பதிவுசெய்து மேற்பார்க்கும் அதிகாரி அவர்தான். அடுத்து வரும் பெண்களுக்கு ஒரு திரையாவது கிடைக்க, இந்த ஒரு கடிதம் போதும்.

தவறாகத் தொட்டிருந்தால் விஷயமே வேறு. அங்கே ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கச் சொல்லவே மாட்டோம். 181 மகளிர் உதவி எண்ணிலோ 112-லோ அன்றே சொல்லலாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 74, 75-வது பிரிவுகள் இதற்கானவை. இன்னொரு வழி பலருக்குத் தெரிவதில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-ன்படி புகார் கொடுக்க, அந்த இடத்தில் வேலை பார்ப்பவராக இருக்க வேண்டியதில்லை. அங்கே வந்த பெண்ணும் கொடுக்கலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் மையத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். இல்லையென்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவை அணுகலாம், மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விவரம் கிடைக்கும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் வரை குழு நீட்டிக்கலாம்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. குடலிறக்கம், விரைவீக்கம் பார்க்க உள்ளாடையை இறக்கச் சொல்வது வழக்கம். ஆனால் நான்கைந்து பேரை ஒன்றாக நிற்க வைத்துப் பார்ப்பது முறையே அல்ல. ‘ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னால் பாருங்கள்’ என்று சொல்ல வெட்கப்படாதீர்கள்.

‘நெஞ்சில் நிழல்’ என்று மனைவிக்கு அன்ஃபிட் போட்டுவிட்டார்கள். இருமல், காய்ச்சல் எதுவும் கிடையாது. படத்தைக் கேட்டால் ‘தரமாட்டோம்’ என்கிறார்கள். நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாமா?
– வாசகர், இராமநாதபுரம்

வழக்கைப் பற்றி அப்புறம் பார்க்கலாம். முதலில் படம் கைக்கு வர வேண்டும்.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு நன்னடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ ஆவணம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் டாக்டர் தர வேண்டும். உங்கள் மனைவி கையெழுத்திட்டு, பாஸ்போர்ட் நகலோடு எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். வாயால் கேட்டது கணக்கில் வராது. எக்ஸ்ரேயின் அச்சுப்படி மட்டும் வேண்டாம். டிஜிட்டல் கோப்பை சிடியிலோ பென் டிரைவிலோ கேளுங்கள், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்க்க அதுதான் உதவும். படத்தைப் படித்த ரேடியாலஜிஸ்ட்டின் எழுத்துக் குறிப்பையும் கேளுங்கள்.

பெண்களின் எக்ஸ்ரேயில் அடிக்கடி நேரும் ஒரு பிழையை முதலில் விலக்குங்கள். தலைமுடிப் பின்னல் தோளின் மேல் விழுந்திருந்தால் நுரையீரலின் மேல்நுனியில் திட்டாக நிழல் விழும். காசநோய்த் தழும்பு பெரும்பாலும் வருவதும் அதே மேல்நுனியில்தான். ஈரப் பின்னலாக இருந்தால் நிழல் இன்னும் அழுத்தமாகத் தெரியும். முடியை உச்சியில் கொண்டையாகத் தூக்கிக் கட்டச் சொல்லியிருக்க வேண்டும். தாலிச் சங்கிலி, தாயத்து, மார்க்காம்பின் நிழல் இவையும் குழப்பும். நின்ற நிலை கோணியிருந்தாலோ, மூச்சை முழுதாக இழுத்து நிறுத்தாமல் எடுத்திருந்தாலோ நுரையீரலின் அடிப்பகுதி மங்கலாகத் தெரியும். நல்ல படத்தில் உதரவிதானத்துக்கு மேலே பின்பக்க விலா எலும்புகள் ஒன்பது பத்தாவது எண்ண வரும். காறை எலும்புகளின் உள்நுனிகள் முதுகெலும்பிலிருந்து இரு பக்கமும் சம தூரத்தில் இருக்கும். இவை தவறியிருந்தால் ‘படம் தரமாக எடுக்கப்படவில்லை, மறுபடி எடுங்கள்’ என்று கேட்கப் பிடி கிடைத்துவிட்டது. இன்னொரு எக்ஸ்ரே எடுத்தால் உடம்புக்குக் கெடுதலா என்று பயப்பட வேண்டாம். நெஞ்சு எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு 0.1 மில்லிசீவர்ட்டுக்கும் குறைவு.

படத்தை ஒரு நுரையீரல் சிறப்பு மருத்துவரிடம் காட்டுங்கள். சென்னைப் பக்கம் வர முடிந்தால் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை இருக்கிறது. ஊரிலேயே அரசு மருத்துவமனையின் காசநோய்ப் பிரிவில் சளியை மூலக்கூறு முறையில் இலவசமாகப் பரிசோதிப்பார்கள்.

கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். உண்மையிலேயே பழைய, ஆறிப்போன தழும்பாக இருந்தால், சளியில் கிருமி இல்லை என்ற சான்று மட்டும் வளைகுடா விதிகளுக்குப் போதாமல் போகலாம். அங்கே தழும்பையும் தகுதியின்மையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அது மையத்தின் தவறு அல்ல, புகார் கொடுத்தும் மாறாது. படம் கெட்டதா, தழும்பு உண்மையா என்பது தெரிந்த பிறகுதான் வழக்கைப் பற்றி முடிவெடுக்க முடியும். படம் கெட்டதுதான், கேட்டும் திரும்ப எடுக்க மறுத்தார்கள், அதனால் வேலை போனது என்று காட்ட முடிந்தால் அது சேவைக் குறைபாடு. 1995-ல் உச்ச நீதிமன்றம் வி.பி. சாந்தா வழக்கில், கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று தீர்ப்பளித்தது. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் சட்டப்படி, மையம் வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே மனுப் போடலாம். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. மெடிக்கல் செலவு கம்பெனியுடையது. ரிப்போர்ட் எனக்கு வரவில்லை, நேராக எச்.ஆருக்குப் போய்விட்டது. அங்கே எல்லார் முன்னாலும் ‘உங்களுக்கு மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கு’ என்றார்கள். வேலையும் இல்லை என்றுவிட்டார்கள்.
– வாசகர், தருமபுரி

உங்களுக்கு நேர்ந்தது நியாயமே இல்லை. உடம்பைப் பார்த்த டாக்டர் கம்பெனிக்குச் சொல்ல வேண்டியது ‘தகுதி, தகுதியில்லை, இன்ன வேலையைத் தவிர்த்துத் தகுதி’ என்ற அளவுக்குத்தான். நோயின் பெயரை எச்.ஆர் மேசைக்கு அனுப்பத் தேவையில்லை. தொழில்சார் மருத்துவத்தின் நடைமுறையும் இதுதான். ஆனால் புகார் எழுதுமுன், அன்று நீங்கள் கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகலை வாங்கிப் பாருங்கள். ‘எல்லா முடிவுகளையும் நிறுவனத்துக்குத் தரச் சம்மதிக்கிறேன்’ என்ற வரி பல படிவங்களில் பொடி எழுத்தில் இருக்கும். அந்த வரி இல்லையென்றால் டாக்டர் மீது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் ரகசியத்தைக் காக்கவில்லை என்று புகார் கொடுக்கலாம். வரி இருந்தாலும் எல்லார் முன்னாலும் சொன்னதற்கு அது அனுமதி ஆகாது. அந்தப் புகார் கம்பெனி நிர்வாகத்துக்குப் போக வேண்டும்.

அதற்கும் முன்னால் உங்கள் உடம்பைப் பாருங்கள். மஞ்சள் காமாலைக் கிருமிகளில் ஒன்றான ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று பார்க்கும் எச்.பி.எஸ்.ஏ.ஜி. விரைவுச் சோதனை ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டு மூன்று வாரத்துக்குள் ரத்தம் கொடுத்திருந்தால், ஊசி மருந்தில் உள்ள பொருளே ‘பாசிட்டிவ்’ என்று காட்டக்கூடும். தடுப்பூசிக்கும் மெடிக்கலுக்கும் இடையில் ஒரு மாதமாவது விடுவது நல்லது. உண்மையிலேயே கிருமி இருந்தாலும், தேசிய கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இலவசப் பரிசோதனையும் மருந்தும் உண்டு. சேர்ந்து சாப்பிடுவதாலோ கைகுலுக்குவதாலோ இது பரவாது. மறுபரிசோதனையின் முடிவையும், இந்த வேலை செய்யத் தடையில்லை என்ற அரசு டாக்டரின் சான்றையும் இணைத்து எச்.ஆருக்கு எழுதினால் வேலை திரும்பக் கிடைக்க ஓரளவு வாய்ப்பு உண்டு. வேலை மறுத்ததற்காகச் சட்டத்தை நாடும் பாதை குறுகலானது. எச்.ஐ.வி.க்கு 2017-ம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. சம்மதமும் முன்பின் ஆலோசனையும் இல்லாமல் சோதிக்கக் கூடாது, வேலைக்கு நிபந்தனையாகவும் அதைக் கேட்கக் கூடாது என்கிறது அது. ஹெபடைடிஸ் பி-க்கு அப்படித் தனிச் சட்டம் இல்லாதது பெரும் குறை.

‘ரிப்போர்ட்டில் சின்னக் குறை இருக்கு, எட்டாயிரம் குடுத்தா ஃபிட் ஆக்கித் தர்றோம்’ என்று ஏஜென்ட்டின் ஆள் கேட்கிறார். ரசீது கிடையாது.
– வாசகர், அறந்தாங்கி

கொடுக்காதீர்கள். வளைகுடாவில் இறங்கியதும் அந்த நாட்டிலேயே மறுபடி மெடிக்கல் எடுத்த பிறகுதான் இகாமா எனப்படும் குடியிருப்பு அனுமதி கிடைக்கும். இங்கே காசு கொடுத்து மறைத்தது அங்கே வெளிப்பட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் வாங்கிய கடன் மட்டும் மிஞ்சும். பதிவுபெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடிய உச்சவரம்பு ₹30,000 மற்றும் ஜிஎஸ்டி, அதற்கும் ரசீது தர வேண்டும். வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தால் அந்தச் செய்தியை அழிக்காமல் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.

புகார்க் கடிதம் எப்படி எழுதுவது? நான் எழுதினால் நாலு பக்கம் போகிறது.
– வாசகி, கும்பகோணம்

ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். மேலே உங்கள் பெயர், பாஸ்போர்ட் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள், பதிவு எண், தேதி, வந்த நேரம், ரசீது எண். பிறகு நடந்ததை நேர வரிசையில் எழுதுங்கள், ‘திமிராக’, ‘கேவலமாக’ போன்ற சொற்கள் வேண்டாம். உதாரணமாக: ‘காலை 7.10-க்கு டோக்கன் பெற்றேன். மதியம் 1.30-க்கு அழைக்கப்பட்டேன். இடையில் காரணம் சொல்லப்படவில்லை. ரத்தம் எடுத்தவர் இடது கையில் இரண்டு முறையும் வலது கையில் ஒரு முறையும் குத்தினார். வேறொருவரை அழைக்கக் கேட்டேன், மறுக்கப்பட்டது. எக்ஸ்ரே அறையில் என்னை ஒருமையில் அழைத்தார்.’ பேசிய சொல் முக்கியமானால் அவர் சொன்னபடியே மேற்கோளில் போடுங்கள். பணியாளரின் பெயர் தெரியாவிட்டால் சீருடையின் நிறம், அறை எண் போதும்.

கடைசியில் என்ன வேண்டும் என்பதை ஒரே வரியில் சொல்லுங்கள். மன்னிப்பா, கட்டிய பணம் திரும்பவா, இனி நேரம் குறித்து அழைப்பதா? பல கடிதங்கள் பதிலில்லாமல் போவது இந்த வரி இல்லாததால்தான். ‘தக்க நடவடிக்கை எடுக்கவும்’ என்றால் எடுக்க வேண்டியவருக்கே எதுவென்று தெரியாது.

மூலங்களைக் கொடுக்காதீர்கள், நகல்களை மட்டும் இணையுங்கள். ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி 15 நாள் அவகாசம் குறிப்பிடுங்கள். பதில் வராவிட்டால், பணம் சம்பந்தப்பட்டதை 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும், சுத்தம், ஊசி, பெண் துணை சம்பந்தப்பட்டதை இணை இயக்குநரிடமும், டாக்டரின் நடத்தையை மருத்துவக் கவுன்சிலிடமும் கொண்டுபோங்கள். வளைகுடா மையமானால் வாஃபித் தளம் வழியாக, வளைகுடா நாடுகளின் சுகாதார அமைப்பான கல்ஃப் ஹெல்த் கவுன்சிலுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், அந்த மையத்துக்கு ஆள் அனுப்புவதும் நிறுத்துவதும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.